நகராத பீப்பாய்

அத்தியாயம் 9

ஒயின் நிலவறையின் இரும்புக் கதவு சாத்தப்பட்டபோது போல்டியின் வாயில் வாத்துக் கொழுப்பு தடவிய ரொட்டி பாதி இருந்தது. மென்று முடிப்பதா, துப்பிவிட்டுக் கத்துவதா என்று அவன் முடிவு செய்வதற்குள் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் பூட்டு. அப்புறம் கதவின் அடியில் ஈரச் சாக்கைத் திணிக்கிற சத்தம். நிதானமாக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை, ஓர் இடம் விடாமல்.

"மேடம்," என்றான் போல்டி, ஒரு வழியாக விழுங்கிவிட்டு. "அம்ப்ருஷ் மாமா இன்னொரு மெழுகுவர்த்தி எடுத்துட்டு வரேன்னுதானே வெளிய போனாரு?"

"ஆமா."

"அப்ப கதவுக்குக் கீழ சாக்கு எதுக்கு? நமக்குக் குளிருமேன்னு கவலையா?"

எடெல்கா ஷோம்லாய் யோசித்துக்கொண்டிருந்தாள். ஆறடி உயரம், ஐம்பத்திரண்டு வயது. மிஷ்கோல்ட்ஸ் நகரப் போலீஸில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். யோசிக்கும்போது அவள் பேச மாட்டாள். போல்டியோ யோசிக்கும்போதுதான் அதிகம் பேசுவான். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாக ஒத்துப்போகிறது.

அவளிடம் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. ஒன்றைக் கொண்டுபோய்க் கதவருகே தரையில் வைத்தாள். சுடர் ஒரு தடவை குனிந்தது, சுருங்கியது, யாரோ ஊதியதுபோல் அணைந்துவிட்டது. அங்கே ஊத யாருமில்லை.

போல்டிக்கு மிச்ச ரொட்டி வேண்டியிருக்கவில்லை. அவன் பக்கத்து ஊரான டார்ட்சாலில் பிறந்தவன். இதற்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும். கதவை ஒட்டிப் பன்னிரண்டு பீப்பாய்களில் இந்த வருஷத்துப் புதுத் திராட்சைச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. குபுக், குபுக் என்று அவை விடுகிற கெட்ட காற்று கனமானது. தரையில் இறங்கித் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. வருஷா வருஷம், ஒயினுக்குப் பேர்போன இந்த டோகாய் பக்கத்தில் யாராவது ஒருவர் பீப்பாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிலவறைக்குள் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவார்.

"நம்மைத் தொடக்கூட வேண்டியதில்லை," என்றாள் எடெல்கா. "சாயங்காலம் வந்து கதவைத் திறப்பார். சாக்கை எடுத்துப் போட்டுடுவார். பெரிய ஊர்ல இருந்து வந்த ரெண்டு பேர், சொல்லச் சொல்லக் கேக்காம மெழுகுவர்த்தி இல்லாம உள்ள போயிட்டாங்கன்னு அழுவார். ஊரே நம்பும்."

"அழுவாரா? அதாவது ஒரு ஆறுதல்."

வெளியே ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ பெருமூச்சோடு உட்காரும் சத்தமும் கேட்டது. போகவில்லை, காத்திருக்கிறார்.

"காத்து முதல்ல என்னைத்தான் பிடிக்கும்," என்றான் போல்டி. அவன் எடெல்காவின் தோள் உயரம்தான் இருப்பான். "நான் விழுந்ததும் என் மேல ஏறி நின்னு இன்னும் கொஞ்ச நேரம் துப்பறியுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"வாயை மூடிட்டு உள்ள நட. தரை வாசல் பக்கமா சரிஞ்சிருக்கு. உள்பக்கம்தான் மேடு."

இருவரும் பின்வாங்கினார்கள். இருபுறமும் பீப்பாய்கள், அவற்றுக்கு மேலே சுவரும் கூரையும் கறுப்புக் கம்பளி போர்த்தியதுபோல் பூசணம் பிடித்துக் கிடந்தன. ஒயினின் ஆவியைத் தின்று வளர்கிற பூசணம் அது. இந்த ஊர்க்காரர்கள் அதைத் துடைக்க மாட்டார்கள். பெருமையாகத் தடவிப் பார்ப்பார்கள்.

அவர்கள் தேடி வந்தது கால்மான் பெரெட்ஸ்கியை. இந்த நிலவறைக்குச் சொந்தக்காரர். வயது எழுபத்தொன்று. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து காணவில்லை, இன்று வெள்ளி. காஷாவில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறார், நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன் என்றார் அம்ப்ருஷ். முப்பத்தைந்து வருஷமாகக் கால்மானிடம் வேலை செய்கிற நிலவறைக்காரர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கால்மானின் மகள் பிரோஷ்கா சந்தேகப்பட்டாள். நவம்பரில், கொடியிலேயே சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிற நேரத்தில், தன் அப்பா செத்தாலும் ஊரைவிட்டுப் போக மாட்டார் என்றாள். நேற்று மிஷ்கோல்ட்ஸுக்கு வந்து எடெல்காவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. உயிரோட," என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது அவள் மலைச்சரிவில் பொறுக்குகிறவர்களோடு இருக்கிறாள். பொழுது சாயும்வரை இறங்க மாட்டாள். நிலவறைக்குள் சிக்னல் இல்லை, செல்போன்கள் வெறும் கைவிளக்காகத்தான் பயன்பட்டன.

"கதவு சாத்தறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட என்ன கேட்டேன்?" என்றாள் எடெல்கா.

"'இந்தப் பீப்பாயையெல்லாம் எப்ப நகர்த்தினீங்க?'ன்னு கேட்டீங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"'நகர்த்தவே இல்லையே, என் தாடி கறுப்பா இருந்த காலத்துல இருந்து அங்கதான் கெடக்குது'ன்னார். சொன்ன கையோட மெழுகுவர்த்தி ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு."

"இங்க பாரு."

ஒரு பீப்பாய், அதைத் தாங்கும் கட்டையோடு சேரும் இடத்தில் வெளிச்சத்தைக் காட்டினாள். பூசணம் அங்கே கிழிந்திருந்தது. அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் மரம், வெளுப்பாக. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"எல்லாத்தையும் ஒரு விரல் அசைச்சிருக்காங்க. ஒரே ஒரு விரல். எதையாவது ஒளிக்கணும்னா முழுசா நகர்த்தணும். கழுவணும்னா உருட்டணும். ஒரு விரல் அசைச்சு யாருக்கு என்ன லாபம்?"

கிண்டலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. போல்டி அந்த வெளுத்த மரத்தைப் பார்த்தபடியே நின்றான். அவன் முகத்தில் ஒன்பது வருஷத்தில் அவள் பார்க்காத ஒன்று இருந்தது.

"மேடம்," என்றான் மெதுவாக. "எஜமான் செத்துட்டா ஒயினுக்குச் சொல்லணும்."

"என்னது?"

"இங்க அப்படித்தான். இப்ப யாரும் பண்றதில்ல, பழைய ஆளுங்க பண்ணுவாங்க. ஒவ்வொரு பீப்பாயையும் தட்டி, 'உன் எஜமான் போயிட்டார், இனிமே நான்தான்'னு சொல்லிக் கொஞ்சம் அசைச்சு விடணும். சொல்லலைன்னா ஒயினும் அவர் பின்னாலயே போயிடும், திரிஞ்சு கெட்டுடும்னு சொல்லுவாங்க." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எங்கப்பா செத்த அன்னைக்கு எனக்குப் பதினெட்டு வயசு. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரேன், நிலவறையில தட்டுற சத்தம் கேக்குது. சித்தப்பா தட்டிட்டு இருக்கார். அப்பா செத்தது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஒயினுக்குத் தெரிஞ்சுடுச்சு மேடம். அன்னைலேர்ந்து நான் பீர்தான்."

எடெல்கா அவன் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பொய் சொன்ன மனுஷன் ஒயினுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கான்," என்றாள் பிறகு. "அவனால அதைச் சொல்லாம இருக்க முடியலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரோஷ்கா இரண்டு தடவை சொன்ன வார்த்தை இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது? அதைவிட, போய்ச் சொல்ல நாம் இருப்போமா?

எடெல்கா மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினாள். சுடர் நீலமாகிச் சுருங்கியது. உயர்த்தினாள், நிமிர்ந்தது. "முழங்கால் வரைக்கும் வந்தாச்சு. உள்ள போகலாம். போற வழியில எண்ணு."

"எதை? மூச்சையா?"

"பீப்பாயை."

போல்டி எண்ணினான். பயமாக இருக்கும்போது எண்ணுவது நல்லதுதான், கைக்கு ஒரு வேலை மாதிரி. பழைய ஒயின் பீப்பாய்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் கிழிந்த பூசணத்தை, விரல் அகல வெளுப்பைத் தேடினான். முப்பத்தொன்றில் இருந்தது. கடைக்கோடியில், சுவரை ஒட்டிக் கிடந்த முப்பத்திரண்டாவதில் இல்லை. மற்றவற்றுக்கு இருந்த கறுப்புப் போர்வையும் அதற்கு இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் பூசணம்.

"இதை மறந்துட்டார் போல," என்றான் போல்டி. "முப்பத்தொண்ணு பேருக்குத் துக்கம் சொல்லிட்டு ஒருத்தரை விட்டா சண்டை வராதா?"

"அவன் மறக்கிற ஆளா? சாக்கு திணிக்கிறதையே ஓர் இடம் விடாம திணிச்சான்." அவள் பீப்பாயின் பக்கவாட்டில் போனாள். பின்சுவரில் வெளிச்சம் காட்டினாள். நிலவறை முழுக்கச் சுவர் கறுப்பு. இங்கே மட்டும் கல் கல்லாகவே தெரிந்தது. "போல்டி, ஒயின் இருக்கற இடத்துலதானே இந்தப் பூசணம் வளரும்?"

"ஆமா. ஒயின் மூச்சு விடும், இது தின்னும்."

"இங்க ஏன் வளரலை?"

போல்டி பீப்பாயை விரல் முட்டியால் தட்டினான். டங் என்றது. மற்றவை அப்படிச் சொல்லவில்லை.

"காலி!" என்றான். "மேடம், இது காலிப் பீப்பாய். ஒயின் இல்லாத பீப்பாய்க்கு யாரு துக்கம் சொல்லுவா?"

"அறுவடை நேரத்துல எங்கயாவது காலிப் பீப்பாய் சும்மா கிடக்குமா?"

"கிடக்கவே கிடக்காது. இந்த மாசம் டோகாய்ல பீப்பாய் கிடைக்காம ஆளாளுக்கு அழுதுட்டு இருக்கான். ஊறுகாய் ஜாடியைக்கூட விட மாட்டாங்க."

"அப்ப இது பீப்பாய் இல்லை," என்றாள் எடெல்கா. "திரைச்சீலை. தள்ளு."

தள்ளினார்கள். காலிப் பீப்பாய் முனகிக்கொண்டே உருண்டது. பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கதவு இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து தாழ் போட்டிருந்தது. படையெடுத்து வந்தவர்களுக்குப் பயந்து ஊர்க்காரர்கள் ஒளிந்துகொள்ளத் தோண்டிய பழைய அறைகள் இந்த மலைக்கடியில் நிறைய உண்டு. அதில் ஒன்று இது. உள்ளே இருப்பது பிணம்தான் என்று தன்னைத் தயார்செய்துகொண்டு போல்டி தாழைத் திறந்தான்.

உள்ளே ஐந்து படிகள் மேலே ஏறின. இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது, காய்ந்து, எரிச்சலாக.

"உள்ள வரதுன்னா வாங்க, வெளிய நிக்கறதுன்னா நில்லுங்க. கதவைத் திறந்து போடாதீங்க. கெட்ட காத்து ஏறி வரும்."

போல்டி வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். இவ்வளவு சந்தோஷமாக வாங்கியதில்லை.

கால்மான் பெரெட்ஸ்கி பழைய சாக்குகளின்மேல் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம் காய்ந்து கன்னம்வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் கழுத்தை உடைத்துக் குடித்த இரண்டு ஒயின் பாட்டில்கள்; சுவரில் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க அவருடைய தொப்பி. எடெல்கா மண்டியிட்டு நாடி பார்த்தாள். பலவீனமாக, ஆனால் ஒழுங்காக அடித்தது.

"நான் எடெல்கா. உங்க பொண்ணு அனுப்பினா."

"பிரோஷ்காவா?" கிழவரின் முகம் கோணியது. அழாமலிருக்க ரொம்பப் பாடுபட்டார். "பொறுக்கறது நடக்குதா? மழை இல்லையே?"

"நடக்குது. மழை இல்லை. என்னாச்சு, சொல்லுங்க."

கதை நீளமில்லை. திங்கள்கிழமை அவர் சுருங்கிய திராட்சையில் செய்கிற இனிப்பு ஒயினை, அந்த அஸூவை, ஒவ்வொரு பீப்பாயாகச் சுவை பார்த்தார். மூன்றாவதிலேயே நாக்கு சொல்லிவிட்டது. திராட்சையின் இனிப்பு இல்லை அது, கடைச் சர்க்கரை. மூன்று வருஷத்து ஒயினில் அம்ப்ருஷ் கலந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை காலை, கீழே பீப்பாய்களுக்கு நடுவில் வைத்தே அவனைக் கேட்டார். இந்த ஒயின் என் பெயரில் வெளியே போகாது, அறுவடை விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். அவன் தள்ளினான். கட்டையில் தலை மோதியது. கண் விழித்தபோது இங்கே இருந்தார், கதவு தாழிட்டிருந்தது.

எடெல்காவின் கண்கள் பளிச்சென்றன. "அப்ப நமக்கு ஒரு வழி இருக்கு. அவன் உங்களைக் கொல்ல நினைக்கலை. ஆத்திரத்துல தள்ளினான், செத்துட்டீங்கன்னு பயந்தான், ஒளிச்சு வச்சான். கொலைகாரனாயிட்டோமேன்னுதான் எங்களையும் பூட்டியிருக்கான். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சா அவனுக்கே பாரம் இறங்கிடும். கதவைத் திறந்துட்டு உங்க கால்ல விழுவான். குரல் குடுக்க முடியுமா உங்களால?"

"நல்ல யோசனை மேடம்!" என்றான் போல்டி. "நான் தூக்கிக்கறேன் இவரை."

கால்மான் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அவன் ஒயினுக்குச் சொன்னான், தெரியுமா?"

"தெரியும். பீப்பாயெல்லாம் அசைஞ்சிருக்கு."

"நான் கண் முழிச்சதே அந்தச் சத்தத்துலதான். தட்டுவான், சொல்லுவான், அசைப்பான். 'உன் எஜமான் போயிட்டார், இனிமே நான்தான்.' என் சாவை நானே கேட்டுட்டுப் படுத்திருந்தேன். எண்ணிட்டு வந்தேன், எந்தப் பீப்பாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா. பதினேழாவதுகிட்ட வந்தப்ப எனக்குக் குரல் வந்துடுச்சு. 'அம்ப்ருஷ், நான் இருக்கேண்டா'ன்னு கத்தினேன். தட்டறது நின்னுச்சு."

அவர் நிறுத்தினார். கீழே புதுச் சாறு பொங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் பதினெட்டாவதைத் தட்டினான்."

எடெல்கா தன் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று அவள் ஒப்புக்கொள்கிற விதம் அதுதான்.

"கொல்லக் கை வரலை அவனுக்கு," என்றார் கால்மான். "காப்பாத்த மனசும் வரலை. தானா நடக்கட்டும்னு விட்டுட்டான்."

எடெல்கா படியிறங்கி சுடரைத் தாழ்த்திப் பார்த்தாள். கடைக்கோடியிலேயே இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது. கதவுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பினாள். "அங்க இடுப்புக்கு மேல. மெழுகுவர்த்தி இன்னும் அரை மணி நேரம் எரியும். அதுக்கப்புறம் எதுவரைக்கும் வந்திருக்குன்னுகூட நமக்குத் தெரியாது."

"கதவை உடைக்க முடியாதா?"

"உடைக்கறதுக்கு மூச்சு வேணும். இந்த அறைக் காத்தும் மூணு பேருக்கு ரொம்ப நேரம் தாங்காது. ஆசை காட்டலாம், மிரட்டலாம். எதுக்கு மசிவான் அவன்? மூணு பேர் சாவறது அவனை அசைக்கலை." அவள் கால்மான் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத்தான் அவனைத் தெரியும். அவனால தாங்க முடியாதது எது?"

கிழவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு விடை தெரியும், சொல்லத்தான் பிடிக்கவில்லை என்று போல்டிக்குத் தோன்றியது.

"பழைய ஒயின் வரிசையில கதவுலேர்ந்து நாலாவது, இடது பக்கம்," என்றார் கடைசியில். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி, அறுவடை முழுக்க மழை. பொறுக்க ஒரு ஆள் வரலை. எல்லாரும் கைவிட்டுட்டாங்க, நானும்தான். அவன் மட்டும் பத்தொன்பது நாள் சேத்துல மண்டி போட்டு, ஒரு ஒரு பழமா, தனியாப் பொறுக்கினான். ஒரு பீப்பாய் வந்துச்சு. இந்த மலையில அதைவிட நல்ல ஒயின் நான் குடிச்சதில்லை. விக்க மாட்டேன்னு வச்சிருக்கேன். அந்தப் பீப்பாயைப் பண்ணின மனுஷன் மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை இருக்கு." குரல் உடைந்தது. "அதைத் திறந்து விடுங்க."

தக்கை, பீப்பாயின் முகப்பில் கீழே, முழங்கால் உயரத்தில் இருந்தது. அதாவது கெட்ட காற்றுக்குள்ளே. குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் அடுத்த மூச்சு கிடையாது.

"நான் போறேன்," என்றான் போல்டி.

"நான் போறேன்," என்றாள் எடெல்கா.

"மேடம், நீங்க குனியறதுக்குள்ள பாதி மூச்சு போயிடும். நான் ஏற்கெனவே பாதி வழியிலதான் இருக்கேன்."

சுவரில் தொங்கிய, தக்கை அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டான். எடெல்கா கிழவரை ஒரு கையால் அணைத்து நடத்தி, நடுவழியில் ஒரு பீப்பாய் மேல் ஏற்றி உட்கார வைத்தாள். மறு கையில் சுடரை உயரப் பிடித்தாள். போல்டி நான்காவது பீப்பாயின் முன்னால் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, தண்ணீரில் முங்குகிறவன்போல் உட்கார்ந்தான்.

ஓர் அடி. தக்கை அசையவில்லை. இரண்டு. காது அடைத்தது. பக்கவாட்டில் மூன்றாவது அடி. மரம் முனகியது. நெஞ்சுக்குள் ஒரு பானை கொதித்தது. மூச்சு விடு, விடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. விரலால் பற்றித் திருகினான். தக்கை கையோடு வந்தது. தேன் நிறத்தில் ஒரு தாரை அவன் நெஞ்சில் பாய்ந்தது. துள்ளி எழுந்து பீப்பாய்மேல் தொற்றிக்கொண்டு, வாயைப் பிளந்து காற்றைக் குடித்தான்.

ஒயின் சரிவில் ஓடிக் கதவை நோக்கிப் போனது. அந்த வாசனை நிலவறையையே நிறைத்தது. மழையும் பழமும் வெயிலும் கலந்த வாசனை. பீர் குடிக்கிற போல்டிக்கே கண் கலங்கியது.

வெளியே நாற்காலி விழுந்தது. முதல் தடவையாக அம்ப்ருஷின் குரல் கேட்டது.

"என்ன சத்தம் அது? என்ன பண்றீங்க உள்ள?"

கால்மான்தான் பேசினார், சத்தம் போடாமல்.

"நான்தான் அம்ப்ருஷ்."

"நீங்க போயிட்டீங்க," என்றது குரல். நடுங்கியது. "நான் எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். இனிமே மாத்த முடியாது எஜமான். அதுகளுக்குச் சொல்லியாச்சு."

"சரி. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

ஒயின் சாக்கை நனைத்துக்கொண்டு வெளியே கசிந்திருக்க வேண்டும். ஒரு கை தரையைத் தடவுவது கேட்டது. அப்புறம் யாரோ விரலை நக்கிப் பார்க்கிற மௌனம்.

"எந்தப் பீப்பாய்?" என்றான் அம்ப்ருஷ். அது கேள்வியாக இல்லை, அலறலாக இருந்தது. "எந்தப் பீப்பாய் எஜமான்?"

"ஆள் வராத வருஷத்துப் பீப்பாய்."

சாவி பூட்டில் இடம் தெரியாமல் இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாவதில் திரும்பியது. கதவு தாங்குமா என்கிற வேகத்தில் திறந்தது; வெளிச்சம், குளிர்காற்று, நவம்பர் மாதத்து ஆற்று மூடுபனியின் ஈரம் எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன. தேங்கி நின்ற கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாமல் அவன் கால்களைக் கடந்து தெருவில் இறங்கியது.

அம்ப்ருஷ் எடெல்காவைப் பார்க்கவில்லை. போல்டியைப் பார்க்கவில்லை. மூன்று நாளுக்கு முன்னால் தன் கையால் தள்ளிய மனிதர் பீப்பாய்மேல் உயிரோடு உட்கார்ந்திருந்தார்; அவரையும் பார்க்கவில்லை. நேராக ஓடி வந்து நான்காவது பீப்பாயின் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையால் துளையை அழுத்தி மூடினான். விரலிடுக்கில் ஒயின் கசிந்தது. இன்னொரு கையையும் வைத்தான். நெற்றியை மரத்தில் முட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஓடிப் போயிடப் போறான் மேடம், கட்டிப் போடலாமா?" என்றான் போல்டி.

"எங்க போவான்?" என்றாள் எடெல்கா. வெளியே போய் செல்போனை உயர்த்திப் பிடித்தாள். முதலில் பிரோஷ்காவைக் கூப்பிட்டாள். அப்புறம்தான் போலீஸ்.

போல்டி கிழவரைத் தாங்கிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கி நடத்தினான். நான்காவது பீப்பாய்க்குப் பக்கத்தில் கால்மான் நின்றார். போல்டியிடம் கையை நீட்டினார். போல்டி தன் கையிலிருந்த தக்கையைக் கொடுத்தான்.

அம்ப்ருஷ் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். முதல் தடவையாக எஜமானின் முகத்தையும் பார்த்தான்.

"தக்கையைக் குடுங்க எஜமான்," என்றான். "கை தாங்காது. போயிடும். எல்லாம் போயிடும்."

கால்மான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மலையிலிருந்து யாரோ "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவருவது கேட்டது.

"நான் கூப்பிட்டது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

அம்ப்ருஷ் மறுபடியும் நெற்றியை மரத்தில் முட்டிக்கொண்டான். அவன் விரல்களிலிருந்து ஒயின் சொட்டியது.

கால்மான் தக்கையைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, போல்டியின் தோளைப் பிடித்தபடி வெளியே போனார்.